உயிரோடு இருந்தபோது கிடைக்காத பட்டம்

செஸ் என்றவுடன் நமக்கு முதலில் நினைவுக்கு வரும் பெயர் விஸ்வநாதன் ஆனந்த். இப்போது பள்ளியில் படிக்கும் பிள்ளைகளைக் கேட்டால் குகேஷ், பிரக்ஞானந்தா என்பார்கள். கொஞ்சம் பழைய ஆட்கள் மானுவேல் ஆரோனைச் சொல்வார்கள். ஆனால் இவர்கள் எல்லோருக்கும் முன்னால், வெள்ளைக்காரன் நம்மை ஆண்டுகொண்டிருந்த காலத்திலேயே, அவன் நாட்டுக்குப் போய் அவனுடைய தேசிய சாம்பியன் பட்டத்தை மூன்று முறை வென்ற ஒருவர் இருந்தார். அவர் பெயர் மிர் சுல்தான் கான்.

இவரைப் பற்றி எங்கே படித்தாலும் ஒரே கதைதான். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு ஏழை வேலைக்காரன். எஜமான் அவனை லண்டனுக்கு அழைத்துப் போனார். அங்கே பெரிய பெரிய ஆட்களையெல்லாம் தோற்கடித்தான். பிறகு ஊர் திரும்பினான், காணாமல் போனான். சினிமாவுக்கு ஏற்ற கதை! கேட்கவும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே நாம் அந்த மனிதருக்கு அநியாயம் செய்துகொண்டிருக்கிறோம் என்பது என் எண்ணம். அது ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அவர் என்ன சாதித்தார் என்று பார்த்துவிடுவோம்.

சுல்தான் கான் பிறந்தது 1903-ல் (1905 என்று சொல்பவர்களும் உண்டு). ஊர், அன்றைய ஒன்றுபட்ட பஞ்சாபில் மிட்டா திவானா. இன்று அது பாகிஸ்தானில் இருக்கிறது. சிறு வயதில் அப்பாவிடம் சதுரங்கம் கற்றுக்கொண்டார். அது இன்று நாம் ஆடும் செஸ் அல்ல, நம் நாட்டுச் சதுரங்கம். ஊருக்கு ஊர் விதிகள் கொஞ்சம் மாறும். பொதுவாக அதில் சிப்பாய் முதல் நகர்த்தலில் இரண்டு கட்டம் பாயாது, ஒரு கட்டம்தான். ராஜாவும் யானையும் சேர்ந்து இடம் மாறும் கேஸ்லிங் கிடையாது. அதற்குப் பதில் ராஜா ஒரே ஒரு முறை குதிரை மாதிரி தாண்டலாம். கடைசிக் கட்டத்துக்குப் போய்ச் சேர்ந்த சிப்பாய் நினைத்தபடி ராணியாகிவிட முடியாது. அது எந்தக் காய் நின்ற வரிசையில் போய்ச் சேர்கிறதோ, அந்தக் காயாகத்தான் மாறும்.

இப்படி ஆடிப் பழகியவரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டவர் உமர் ஹயாத் கான் திவானா. பெரிய நிலச்சுவான்தார், ராணுவ அதிகாரி, ஆங்கிலேய அரசுக்கு மிகவும் வேண்டியவர், 'சர்' பட்டம் பெற்றவர். செஸ் பிரியர். அவர்தான் சுல்தான் கானுக்கு ஐரோப்பிய விதிகளைக் கற்றுக்கொள்ள ஏற்பாடு செய்தார். அது 1926 வாக்கில். இரண்டே வருடத்தில், 1928-ல், அகில இந்தியப் போட்டி நடந்தது. சுல்தான் கான் ஆடியது ஒன்பது ஆட்டம். எட்டில் வெற்றி, ஒன்று டிரா. தோல்வியே இல்லை.

1929 வசந்த காலத்தில் உமர் ஹயாத் கான் அவரை லண்டனுக்கு அழைத்துப் போனார். அங்கே பயிற்சிக்காக ஒரு சின்னப் போட்டி வைத்தார்கள். அதில் சுல்தான் கான் கடைசி இடத்தைப் பகிர்ந்துகொண்டார்! தொடக்க ஆட்ட முறைகள் எதுவும் அவருக்குப் பழக்கமில்லை. வின்டர், யேட்ஸ் என்ற இரண்டு ஆங்கிலேய வீரர்கள் உடன் உட்கார்ந்து பயிற்சி கொடுத்தார்கள். அதே வருடம் ராம்ஸ்கேட்டில் பிரிட்டிஷ் சாம்பியன்ஷிப் நடந்தது. வென்றவர் யார்? சுல்தான் கான்.

அதோடு நிற்கவில்லை. பிரிட்டிஷ் சாம்பியன்ஷிப்பில் மொத்தம் நான்கு முறை ஆடி மூன்று முறை வென்றார். 1929, 1932, 1933. ஹாம்பர்க் (1930), பிராக் (1931), ஃபோக்ஸ்டோன் (1933) என்று மூன்று ஒலிம்பியாட்களில் இங்கிலாந்து அணிக்கு முதல் பலகையில் ஆடினார். பிராக்கில் ரூபின்ஸ்டீனையும் ஃப்ளோரையும் தோற்கடித்தார். அப்போதைய உலக சாம்பியன் அலெக்கைனோடு டிரா செய்தார். 1931-ல் டார்டகோவரோடு பன்னிரண்டு ஆட்டங்கள் கொண்ட நேரடி மோதலில் வென்றார். 1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் முன்னாள் உலக சாம்பியன் காப்பாபிளாங்காவைத் தோற்கடித்தார்.

காப்பாபிளாங்கா சாதாரண ஆள் இல்லை. 1916-லிருந்து 1924 வரை எட்டு வருடம் ஒரு ஆட்டம்கூடத் தோற்காதவர். அவரையே கொஞ்சம் கொஞ்சமாக நெருக்கி, மூச்சுவிட இடம் இல்லாமல் செய்து வென்ற நீண்ட ஆட்டம் அது. பின்னாளில் காப்பாபிளாங்காவே சுல்தான் கானை மேதை என்று எழுதினார்.

இதெல்லாம் ஐந்து வருடத்துக்குள் நடந்தவை. அதிலும் நடுவில் சில மாதங்கள் இந்தியா வந்து போனார். குளிர் ஒத்துக்கொள்ளாமல், அடிக்கடி ஜலதோஷமும் காய்ச்சலுமாகத்தான் அங்கே காலம் தள்ளினார். கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு ஆட உட்கார்ந்தார் என்று படிக்கும்போது, டிசம்பர் மாத மார்கழிப் பனிக்கே மஃப்ளர் தேடும் நமக்கு அவர் நிலைமை நன்றாகவே புரியும்.

1933 டிசம்பரில் எஜமானோடு ஊர் திரும்பினார். 1935-ல் காடில்கர் என்பவரோடு பத்து ஆட்டம் ஆடி, ஒன்றே ஒன்றை டிரா செய்து, மற்ற ஒன்பதையும் வென்றார். அவ்வளவுதான். அதன் பிறகு அவர் பெரிய போட்டி எதிலும் ஆடவில்லை. அப்போது அவருக்கு முப்பது வயதுதான், கூடினால் ஒன்றிரண்டு வருடம். 1966 ஏப்ரல் 25 அன்று சர்கோதாவில் காலமானார்.

சரி, இப்போது அந்தக் கதைக்கு வருவோம்.

அவர் வேலைக்காரரா, இல்லையா? இது இன்றும் தீராத சண்டை. அமெரிக்க வீரர் ரூபன் ஃபைன் ஒரு சம்பவத்தை எழுதி வைத்தார். 1933-ல் ஃபோக்ஸ்டோன் ஒலிம்பியாட்டுக்கு வந்த அமெரிக்க அணியை உமர் ஹயாத் கான் லண்டன் வீட்டுக்கு விருந்துக்கு அழைத்தாராம். அங்கே அவர்களுக்கு உணவு பரிமாறியது சுல்தான் கானாம். செஸ் உலகம் பெருந்தலையாக மதித்த ஒருவர் தட்டு எடுத்து வந்ததைப் பார்த்து அவர்கள் சங்கடப்பட்டுப் போனார்களாம். டேனியல் கிங் என்ற ஆங்கிலேய கிராண்ட்மாஸ்டர் 2020-ல் சுல்தான் கானைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதன் அட்டையிலேயே அவரை 'இந்திய வேலைக்காரர்' என்றுதான் குறிப்பிட்டார். இதைச் சுல்தான் கானின் குடும்பத்தார் ஏற்கவில்லை. எங்கள் தாத்தா வேலைக்காரர் இல்லை, எழுதப் படிக்கத் தெரிந்தவர், சொந்த நிலம் உள்ள குடும்பத்தைச் சேர்ந்தவர் என்று அவருடைய பேத்தியே மறுத்து எழுதினார்.

இதில் யார் சொல்வது சரி என்று தீர்ப்பு சொல்லும் இடத்தில் நான் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வேலைக்காரர் என்று வைத்துக்கொண்டாலும், நிலம் உள்ள குடும்பத்துப் பிள்ளை என்று வைத்துக்கொண்டாலும், ஒரு விஷயம் மாறவே இல்லை. அவர் எப்போது லண்டன் போவது, எப்போது திரும்புவது என்பதெல்லாம் இன்னொருவருடைய பயணத்தைப் பொறுத்தே நடந்தது. எஜமான் லண்டன் போனபோது இவரும் போனார். எஜமான் திரும்பியபோது இவரும் திரும்பினார். 1933-ல் பிரிட்டிஷ் சாம்பியன் பட்டத்தை மூன்றாவது முறை வென்ற கையோடு கப்பல் ஏறிய ஒருவர், இனிமேல் ஆட வேண்டாம் என்று தானாகவே முடிவு செய்தார் என்பதை என்னால் நம்ப முடியவில்லை.

இந்த இடத்தைத்தான் எல்லோரும் வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். "எழுத்தறிவில்லாத மேதை" என்று வியந்துவிட்டால் வேறு கேள்வியே கேட்க வேண்டியதில்லை அல்லவா? மேதை திடீரென்று வந்தான், திடீரென்று போனான், அது கடவுள் செயல் என்று முடித்துவிடலாம். அவர் ஏன் போனார், அவரைத் திரும்ப அழைக்க ஏன் யாரும் இல்லை என்று கேட்க வேண்டாம். தொடர்ந்து ஆட அவருக்கு என்ன வழி இருந்தது என்றும் கேட்க வேண்டாம். அந்த வியப்பு நமக்கு வசதியாக இருக்கிறது!

அதே வீட்டில் இன்னொருவரும் இருந்தார். பாத்திமா என்ற இளம்பெண். அவரும் உமர் ஹயாத் கான் வீட்டைச் சேர்ந்தவர்தான். 1933-ல் பிரிட்டிஷ் பெண்கள் சாம்பியன்ஷிப்பில் ஆடினார். பதினொரு ஆட்டத்தில் பத்து வெற்றி, ஒரு டிரா. இரண்டாவது இடத்தில் வந்தவரைவிட மூன்று புள்ளி அதிகம்! செஸ் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய இடைவெளி என்று தெரியும். சாம்பியன் பட்டியலில் அவர் பெயர் 'மிஸ் பாத்திமா' என்று மட்டும்தான் இருக்கிறது. அவரும் ஊர் திரும்பினார். அவருடைய செஸ் வாழ்க்கையும் அத்தோடு முடிந்தது. ஒரே வீட்டிலிருந்து, ஒரே வருடத்தில், ஆண்களில் ஒருவர், பெண்களில் ஒருவர் என்று இரண்டு தேசிய சாம்பியன்கள். இருவருமே அதோடு ஆட்டத்தை விட்டுப் போனார்கள். இதையும் மேதைகளின் மர்மம் என்று சொல்லிவிடலாமா?

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைத்த விஷயம்.

உலக செஸ் அமைப்பான ஃபிடே, 1950-ல்தான் முதன்முதலாக அதிகாரபூர்வமாக கிராண்ட்மாஸ்டர் பட்டங்களைக் கொடுத்தது. முதல் பட்டியலில் 27 பேர். அதில் அன்று உச்சத்தில் இருந்தவர்கள் மட்டும் இல்லை, பழைய சாதனைக்காகச் சேர்க்கப்பட்டவர்களும் இருந்தார்கள். சுல்தான் கான் தோற்கடித்த ரூபின்ஸ்டீன் இருந்தார். ஃப்ளோர் இருந்தார். டார்டகோவர் இருந்தார். "சுல்தான் கான் ஆடுவதை நிறுத்திவிட்டாரே, அதனால் கொடுத்திருக்க மாட்டார்கள்" என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் அதே பட்டியலில் இருந்த செக் வீரர் துராஸ் முதல் உலகப் போர் தொடங்கியபோதே பெரிய போட்டிகளை விட்டவர். ரூபின்ஸ்டீனும் 1930-களின் தொடக்கத்திலேயே ஒதுங்கிவிட்டவர்தான்.

இன்னொரு பெயரும் அதில் இருந்தது. ஜாக்ஸ் மீசஸ். 1865-ல் ஜெர்மனியில் பிறந்தவர். நாஜிகளிடமிருந்து தப்பி இங்கிலாந்தில் குடியேறியவர். 85 வயதில் பட்டம் பெற்றார். இங்கிலாந்தின் முதல் கிராண்ட்மாஸ்டர் என்று அவரைத்தான் சொல்கிறார்கள். மீசஸ் பெரிய வீரர், அவருக்குக் கொடுத்ததில் எந்தத் தவறும் இல்லை. ஆனால் அந்த நாட்டின் தேசியப் பட்டத்தை மூன்று முறை வென்று, ஒலிம்பியாட்டில் மூன்று முறை முதல் பலகையில் ஆடியவருக்கு அந்தப் பட்டியலில் இடம் இல்லை. அதற்கு அடுத்த படியான சர்வதேச மாஸ்டர் பட்டம்கூட இல்லை. சுல்தான் கானோடு அதே இங்கிலாந்து அணியில் ஆடிய சர் ஜார்ஜ் தாமஸ் அதே 1950-ல் சர்வதேச மாஸ்டர் ஆனார்.

அப்போது சுல்தான் கான் உயிரோடுதான் இருந்தார். அதன் பிறகும் 16 வருடம் இருந்தார். யாரும் அவரைத் தேடிப் போகவில்லை.

ஏன்? என் கணிப்பைச் சொல்கிறேன். அவருக்காகப் பேச ஆள் இல்லை, அவ்வளவுதான். அவரை அழைத்துப் போன உமர் ஹயாத் கான் 1944-லேயே இறந்துவிட்டார். 1947-ல் நாடு இரண்டாகப் பிரிந்தது. அவர் ஊர் பாகிஸ்தானில் போனது. அகில இந்திய செஸ் கூட்டமைப்பே 1951-ல்தான் தொடங்கப்பட்டது. இங்கிலாந்துக்கு அவர் வந்து போன விருந்தாளி. இந்தியாவுக்கு அவர் எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பவர். பாகிஸ்தானுக்கோ அப்போது வேறு ஆயிரம் கவலைகள். தனி ஒருவருடைய ஆதரவில் வளர்ந்த திறமைக்கு அந்த ஒருவர் போன பிறகு முகவரியே இல்லாமல் போகிறது.

இதற்கு நேர்மாறான ஒரு விஷயம் நம் ஊரில் நடந்திருக்கிறது. அதையும் சொல்ல வேண்டும்.

1955-ல் ஏலூரில் முதல் தேசிய சாம்பியன்ஷிப் நடந்தது. சாப்ரேயும் வெங்கய்யாவும் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். 1961-ல் மானுவேல் ஆரோன் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனார். சுல்தான் கான் கப்பல் ஏறி அதற்குள் 28 வருடம் ஓடிவிட்டது! உலகத்தின் முதல் பத்துப் பேரில் ஒருவராக வைத்துப் பார்க்கத்தக்க ஒருவர் ஆடிய மண்ணில், அடுத்த படி ஏற இவ்வளவு காலம். ஏனென்றால் சுல்தான் கானுக்குத் தெரிந்தது எதுவும் அடுத்தவருக்குப் போய்ச் சேரவில்லை. சேர்க்க ஒரு கிளப் இல்லை, ஒரு பத்திரிகை இல்லை, ஒரு பயிற்சி மேசை இல்லை.

ஆரோன் ஒன்பது முறை தேசிய சாம்பியன். 1962-ல் ஸ்டாக்ஹோமில் நடந்த இன்டர்ஜோனல் போட்டியில் கடைசி இடம்தான் வந்தார், ஆனால் அதிலேயே போர்டிஷ், உல்மன் என்ற இரண்டு பெரிய தலைகளை வீழ்த்தினார். தனி ஆட்டக்காரராகப் பார்த்தால், உலக அரங்கில் சுல்தான் கானின் உயரத்தை அவர் தொட்டார் என்று சொல்ல முடியாது. ஆனால் 1972-ல் சென்னையில் சோவியத் கலாச்சார மையத்தில் டால் செஸ் கிளப் தொடங்க அவர் காரணமாக இருந்தார். அந்தக் கிளப்பில் வந்து ஆடிய ஒரு சிறுவன்தான் 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆன ஆனந்த். அதன் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். 2024-ல் குகேஷ் உலக சாம்பியன் ஆனது வரை அந்தச் சங்கிலி அறுபடவில்லை.

ஆக, நான் சொல்ல வருவது இதுதான். யாரோ ஒரு பெரிய மனிதர் தயவால் ஒரு திறமை உலகுக்குத் தெரிய வந்தது என்று கேட்கும்போது நாம் நெகிழ்ந்து போகிறோம். நெகிழ வேண்டாம் என்று சொல்லவில்லை. உமர் ஹயாத் கான் இல்லையென்றால் சுல்தான் கான் என்ற பெயரே நமக்குத் தெரிந்திருக்காது, அந்த நன்றி அவருக்குச் சேர வேண்டும். ஆனால் ஒருவர் தயவு ஒருவரைத்தான் தூக்கிவிடும், அதுவும் அவர் விரும்புகிற வரைக்கும்தான். மாலையில் யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து ஆடக்கூடிய ஒரு பொது அறையும், நாலு பலகையும், சொல்லிக் கொடுக்க ஒரு ஆளும் இருந்தால் அது பத்துப் பேரை, நூறு பேரைத் தூக்கிவிடும். இது செஸ்ஸுக்கு மட்டும் இல்லை. ஸ்பான்சர் கிடைத்ததால் மேலே வந்த ஓட்டக்காரர், டிரஸ்ட் பணத்தில் படித்த மாணவன் என்று நாம் பத்திரிகையில் படித்துக் கண் கலங்குகிற எல்லாக் கதைகளுக்கும் இது பொருந்தும். அந்த உதவி நின்றபோது என்ன ஆனது என்று எந்தப் பத்திரிகையும் எழுதுவதில்லை.

2024 பிப்ரவரியில் ஃபிடே, சுல்தான் கானுக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுத்தது. ஃபிடே தலைவர் இஸ்லாமாபாத் போய், பாகிஸ்தானின் அன்றைய காபந்துப் பிரதமரிடம் அதை ஒப்படைத்தார். இன்று அவர் பாகிஸ்தானின் முதல் கிராண்ட்மாஸ்டர் என்று அழைக்கப்படுகிறார். உடனே இங்கே சிலர், அவர் ஆடிய காலத்தில் பாகிஸ்தானே கிடையாதே, அவர் இந்தியர்தானே என்று சண்டைக்கு வரலாம். உயிரோடு இருந்தபோது கேட்பாரில்லாமல் கிடந்தவருக்கு, இறந்து 58 வருடம் கழித்து மூன்று நாடுகள் சொந்தம் கொண்டாடுவது வேடிக்கைதான். என்னைக் கேட்டால் பட்டம் கொடுத்தது நல்லது, ரொம்பத் தாமதம், அவ்வளவுதான். சொந்தம் கொண்டாட நினைப்பவர்கள் முதலில் அவருடைய ஆட்டங்களை எடுத்துப் பார்க்கட்டும். ஒரு பலகையும் காய்களும் எடுத்து வைத்து அந்த ஹேஸ்டிங்ஸ் ஆட்டத்தை ஒவ்வொரு நகர்த்தலாக ஆடிப் பார்த்தால், அவர் எழுதப் படிக்கத் தெரியாதவரா தெரிந்தவரா என்ற கேள்வியே மறந்து போகும்.

கடைசியாக ஒன்று. ஊர் திரும்பிய பிறகு சுல்தான் கான் தன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, குடும்பத்தோடு அமைதியாக வாழ்ந்தார். குழந்தைகளுக்கு அவர் செஸ் சொல்லிக் கொடுக்கவில்லை. வாழ்க்கைக்குப் பயன்படுகிற வேறு ஏதாவது செய்யுங்கள் என்று சொன்னாராம்.

காப்பாபிளாங்காவை வென்ற மனிதர், பெற்ற பிள்ளைகளிடம் சொன்னது இது. அவரைப் பற்றிச் சொல்லப்படும் அத்தனை அதிசயக் கதைகளையும்விட இந்த ஒன்றுதான் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது.